வலது பக்கக் குடலிறக்கம்: "அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர்

சிரட்டைப்பால் · ஜனவரி 18, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். நான் பொன்மனைப் பக்கம், வயது 53. முந்நூறு மூடு ரப்பர் மரம் இருக்கிறது, ஆள் வைப்பதில்லை, பாலுக்காகப் பட்டை வெட்டுவது நானேதான். போன ஆனி மழையில் ஒரு நாள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறும்போது வலது தொடையிடுக்கில் என்னவோ நழுவினது போல இருந்தது. குளிக்கும்போது பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் காணாமல் போகிறது, எழுந்து இருமினால் வந்து நிற்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இடம் அப்படிப்பட்ட இடம், எப்படிச் சொல்ல? மூன்று மாதம் கழித்து நான் வேட்டியை ஒரு மாதிரி இறுக்கிக் கட்டுவதைப் பார்த்து வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.

டாக்டர் படுக்க வைத்தார், நிற்க வைத்தார், இருமச் சொன்னார். ஸ்கேன்கூடக் கேட்கவில்லை. "குடலிறக்கம்தான், சின்னது. அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். இந்த "யோசித்துச் சொல்லுங்கள்" இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இப்போதே செய்யாவிட்டால் ஆபத்து என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் படுத்திருப்பேன். வேண்டாம் என்றிருந்தால் மறந்திருப்பேன். ரெண்டும் சொல்லாமல் முடிவை என் மடியில் போட்டுவிட்டார்.

ஐப்பசி மழை ஓயட்டும் என்றேன். கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் பொங்கல். எல்லாம் முடிந்துவிட்டது. இனி சிவராத்திரி இருக்கிறது. 14 வருடமாக சிவாலய ஓட்டம் ஓடுகிறேன், திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயிலும். இந்த முறையும் ஓடிவிட்டு அப்புறம் செய்துகொண்டால் என்ன என்று ஒரு எண்ணம். இதுவும் சாக்குதான் என்று எனக்கே தெரிகிறது.

வேலை முடிந்த மத்தியானத்தில் ஒரு கனமும் வலியும் உண்டு, மற்ற நேரம் ஒன்றும் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தைரியம் மட்டும் சொல்ல வேண்டாம், அது வீட்டில் நிறையக் கிடைக்கிறது.

குளச்சல் கட்டுமரம் · ஜனவரி 18, இரவு 10.15

அண்ணாச்சி, எனக்கு இது ஐந்து வருடம் இருந்தது. பெல்ட் கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போவேன். வெளியே வந்தால் கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு வலை இழுப்பேன், அவ்வளவு பழகிப்போச்சு. ஒரு நாள் விடியற்காலை கரைக்கு வந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கும்போது வந்தது, திரும்பப் போகவில்லை. கல்லு மாதிரி. படுத்துப் பார்த்தேன், முழங்காலை மடக்கிப் பார்த்தேன், ம்ஹூம். ஒரு மணி நேரத்தில் வாந்தி. அப்பவும் கஞ்சித் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று மத்தியானம் வரைக்கும் வீட்டில் கிடந்தேன், அதுதான் நான் செய்த மடத்தனம். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால் குடல் ஒரு சாண் கறுத்துப்போயிருந்தது, வெட்டி எடுத்துத் தைத்தார்கள். மூன்று நாளில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன் பதினேழு நாள் கிடந்தேன்.

பயமுறுத்த எழுதவில்லை. உமக்கு எப்போ என்று நீரே தீர்மானிக்கலாம், எனக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, அதுதான் வித்தியாசம்.

மார்த்தாண்டம் மெடிக்கல்ஸ் · ஜனவரி 19, காலை 7.30

கட்டுமரம் அண்ணன் பட்டது நிஜம், ஆனால் இதைப் படிக்கிற எல்லோரும் இன்றைக்கே ஓட வேண்டும் என்று இல்லை. நான் மருந்துக்கடை வைத்திருப்பவன், டாக்டர் இல்லை, ஆனால் இதைப்பற்றிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் வலி இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள குடலிறக்கக்காரர்கள் 720 ஆண்களை எடுத்துப் பாதிப் பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள், பாதிப் பேரைச் சும்மா கவனித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. கவனித்துக்கொண்டிருந்தவர்களில் குடல் சிக்கிக்கொண்டது மிக மிக அபூர்வம்: ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் இரண்டு பேருக்கும் குறைவு. அதனால் உங்கள் டாக்டர் "அவசரம் இல்லை" என்றது வாய்க்கு வந்ததைச் சொன்னதில்லை, ஆதாரத்தோடுதான்.

இன்னொரு பாதியையும் கேளுங்கள். அதே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்தபோது, சும்மா இருப்பதாகத் தொடங்கியவர்களில் 68 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பெரும்பாலும் வலி கூடியதால். ஆக உங்கள் முன்னால் இருப்பது செய்வதா வேண்டாமா என்பதைவிட 53 வயதில் செய்வதா, 61 வயதில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த பிறகு செய்வதா என்பதாகத்தான் எனக்குப் படுகிறது. மேலும் அந்த ஆய்வு வலி இல்லாதவர்களைப் பற்றியது. நீங்கள் மத்தியானம் வலி என்கிறீர்கள், தினமும் வாளி தூக்குகிறீர்கள்.

இது ஆண்களின் கணக்கு. பெண்களுக்குத் தொடையிடுக்கில் புடைப்பு வந்தால் காத்திருக்கலாம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், அதில் சிக்கிக்கொள்ளும் வகை அதிகம்.

ஆசான் பேரன் · ஜனவரி 19, காலை 9.05

கத்தி வைக்காமலே சரியாகும் அண்ணே. எங்கள் தாத்தா காய்ச்சும் எண்ணெய் ஒன்று உண்டு, நாற்பத்தொரு நாள் தடவி இறுக்கிக் கட்டினால் உள்ளே ஏறிவிடும். வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

தியேட்டர் அக்கா · ஜனவரி 19, மத்தியானம் 1.40

தம்பி ஆசான் பேரன், உளுக்குக்கும் முறிவுக்கும் உங்கள் தாத்தா மாதிரி ஆசான்மார் கைக்கு நானே போயிருக்கிறேன், மரியாதை உண்டு. ஆனால் இது தசைச் சுவரில் விழுந்த ஓட்டை. வேட்டியில் கிழிசல் இருந்தால் எண்ணெய் தடவினால் கூடுமா? தைக்க வேண்டும், இல்லை ஒட்டுப் போட வேண்டும். படுத்தால் அதுவாகவே உள்ளே போகிறது, எண்ணெய்தான் ஏற்றியது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உள்ளே போகாமல் நிற்பதன் மேல் இறுக்கிக் கட்டினால் வினை.

நான் 26 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சிரட்டைப்பால் அண்ணன் எதற்குப் பயப்படுகிறார் என்று இன்னும் சொல்லவே இல்லை. கத்திக்கா, மயக்கத்துக்கா, காசுக்கா, வேலை முடங்குமே என்பதற்கா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. முதலில் அதைச் சொல்லட்டும்.

மட்டிப்பழம் · ஜனவரி 19, மாலை 4.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் பயத்தை ஏதோ ஒழிக்க வேண்டிய பொருள் மாதிரிப் பேசுகிறீர்கள். எனக்கு 47 வயது. கருப்பையில் சின்னக் கட்டி என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், எனக்கு வலியும் இல்லை, அதிக ரத்தப்போக்கும் இல்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் தெரிந்தது. "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு, எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் தேதி இருக்கிறது" என்றார்கள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லோரும் எடுத்தவர்கள், எல்லோரும் எடுத்துவிடு என்றார்கள். எனக்குப் பயம். பயந்தாங்கொள்ளி என்று கேலி. அந்தப் பயத்தில்தான் திருவனந்தபுரம் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தேன். அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது புற்று வகை மாதிரித் தெரியவில்லை, தொந்தரவு இல்லாத கட்டியை எடுக்க வேண்டியதில்லை, மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார். இரண்டு வருடம் ஆகிறது, அப்படியேதான் இருக்கிறது.

அதனால் அண்ணா, பயம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அப்புறம் யோசியுங்கள்.

தோவாளைப் பூக்காரன் · ஜனவரி 19, இரவு 9.30

ஆபரேஷன் செய்தவன் உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா, சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு இதே வலது பக்கம், ஓட்டையின் மேல் வலை மாதிரி ஒட்டு வைத்துத் தைத்தார்கள். புடைப்பு திரும்ப வரவில்லை. ஆனால் பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது உள்ளே ஒரு நூல் இழுக்கிற மாதிரி இருக்கும், தினமும் இல்லை, குளிர்ந்த காலையில், பூச்சாக்கு தூக்கின நாளில். டாக்டர் முன்கூட்டியே சொன்னார், பத்தில் ஒருவருக்கு இப்படி நாள்பட்ட வலி ஏதோ ஒரு அளவில் இருக்கலாம், நரம்பு சம்பந்தப்பட்டது என்று. நான்தான் கையெழுத்துப் போடும் அவசரத்தில் காதில் வாங்கவில்லை. வந்த பிறகு "ஐயோ ஏமாந்துவிட்டோமே" என்று ஆறு மாதம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுபடி செய்வாயா என்று கேட்டால் செய்வேன் என்றுதான் சொல்வேன். முன்னால் ஒவ்வொரு மூட்டைக்கும் கை அங்கே போகும், இப்போது போவதில்லை. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

சிரட்டைப்பால் · ஜனவரி 20, இரவு 11.10

அக்கா கேட்டதற்குப் பதில் எழுத ஒரு நாள் ஆகிவிட்டது.

1986இல் எங்கள் அப்பா வயிற்று ஆபரேஷனுக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அவசர ஆபரேஷன் இல்லை, நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனது. தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது கையில் இருந்த எச்எம்டி வாட்சைக் கழற்றி என்னிடம் தந்து "மக்களே, பத்திரமா வச்சுக்க, நான் வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார். எனக்கு 14 வயது. அவர் வரவில்லை. மயக்க மருந்து கூடிப்போச்சு என்று வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டார்கள். டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் கேட்கத் தெரியவில்லை.

வாட்சு இப்பவும் ஓடுகிறது. சாவி கொடுத்தால் ஓடும்.

ஆக எனக்குக் கத்திக்குப் பயம் இல்லை. தினமும் கத்தி பிடிக்கிறவன்தானே. படுக்க வைத்து என்னை அணைத்துவிடுவார்களே, லைட்டை அணைக்கிற மாதிரி, அதுதான். இதை வீட்டுக்காரியிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இவ்வளவு வயசாகியும் சின்னப்பிள்ளை மாதிரி இதைப் பிடித்துக்கொண்டிருப்பது வெட்கமாக இருக்கிறது.

தியேட்டர் அக்கா · ஜனவரி 21, காலை 6.15

அண்ணே, காலையிலேயே படித்தேன். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. முதல் வேலையாக இதை அப்படியே மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்ததா என்பது அவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, ஏனென்றால் சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாத தன்மை அபூர்வமாகப் பரம்பரையாக வரும். நீங்கள் முப்பது நாற்பது வருடமாக மனசுக்குள் பூட்டி வைத்திருப்பது அவர்களுக்கு வேண்டிய தகவல். சொல்லாமல் போய்ப் படுப்பதுதான் தப்பு.

ரெண்டாவது, உங்களை "அணைக்க" வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஒரு பக்கக் குடலிறக்கத்தைத் திறந்து செய்வதானால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தே முடித்துவிடலாம். நீங்கள் விழித்தே இருக்கலாம். வயிற்றில் துளை போட்டுக் கேமரா வைத்துச் செய்வது என்றால் வழக்கமாக முழு மயக்கம் வேண்டும். எது உங்களுக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் கேட்கலாம், கேட்பதற்கு உரிமை உண்டு.

முதுகு ஊசி என்றதும் "தண்டுவடத்தில் குத்திவிடுவார்கள், காலம் பூரா நடுவு வலிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே போடுகிறார்கள். தலைவலி வரலாம் என்பது உண்மை. 1898இல் ஜெர்மனியில் இதை முதலில் செய்த பியர் என்ற டாக்டர் தனக்கும் உதவியாளருக்கும் போட்டுச் சோதித்துப் பார்த்தார். உதவியாளரின் காலில் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, பியருக்கு எழுந்து உட்கார முடியாத தலைவலி. அன்றைய ஊசி தடி ஊசி. இப்போது வருவது மயிரிழை மாதிரி, அதனால் அந்தத் தலைவலி குறைந்துவிட்டது, வந்தாலும் மருத்துவம் உண்டு.

மூன்றாவது, 1986ஐ இன்றைக்கு வைத்து அளக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு ஆக்சிஜன் குறைகிறதா என்று உதட்டு நிறத்தையும் நகத்தையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், நிறம் மாறுவதற்குள் நேரம் போயிருக்கும். கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டினோமே ஒரு கிளிப், அதன் அடிப்படையை 1974இல் ஜப்பானில் அயோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்தார், அது எல்லா ஊர் தியேட்டருக்கும் வந்து சேர வருடங்கள் ஆயின. இப்போது அது இல்லாமல் யாரையும் படுக்க வைக்க மாட்டார்கள். அளவு இறங்கினால் சத்தம் மாறும், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற எனக்கே காதில் தெரியும்.

பீடி உண்டா? இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். நாலு வாரமாவது வேண்டும், புண் ஆறுவதற்கும் இருமாமல் இருப்பதற்கும். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, ரத்தம் இளக்கும் மாத்திரை, ராத்திரி சிறுநீர் கழிக்கச் சிரமம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் பாதி மறந்துபோகும்.

வடசேரி வாத்தியார் · ஜனவரி 21, மாலை 5.00

நான் மறுபக்கம். வயது 78, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், எனக்கும் இதே புடைப்பு ஆறு வருடமாக இருக்கிறது, வலி கிடையாது. டாக்டர்கள் கூடிப் பேசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். உள்ளே போகாமல் நின்றால், வாந்தி வந்தால், தோல் சிவந்தால் அந்த நிமிஷமே கிளம்பு என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம்தான், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும்.

இந்த ஜில்லாவில் ஆபரேஷன் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் நெய்யூர் சாமர்வெல் டாக்டர் பேச்சு வராமல் இருக்காது. 1922இல் எவரெஸ்ட் ஏற வந்தவர், திரும்புகிற வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, இத்தனை நோயாளிகளுக்கு இத்தனை குறைவாகவா டாக்டர்கள் என்று லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். தென் திருவிதாங்கூர் முழுக்க வயிற்றுப்புண்ணுக்கு அவர் கத்திதான். என் தாத்தாவும் அதில் ஒருவர். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போனபோது சுமார் 28,000 அடி வரை ஏறிவிட்டு இறங்கும் வழியில் உறைந்துபோன தொண்டைச் சதை மூச்சை அடைத்து, சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டு, கடைசியாக நெஞ்சைத் தானே அமுக்கி இருமித் துப்பிப் பிழைத்தார். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நம்மூர் ஆட்களின் வயிற்றைத் திறந்து தைத்தார். தாத்தாவும் பயந்துகொண்டேதான் போனாராம், மாட்டுவண்டியில்.

குளச்சல் கட்டுமரம் · ஜனவரி 21, மாலை 5.25

சார் கதை அருமை, ஆனால் அண்ணாச்சி பொன்மனையில் இருக்கிறார், எவரெஸ்டில் இல்லை. விஷயத்துக்கு வருவோம். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது, உம்ம ஆபரேஷன் அதில் வருமா என்று முதலிலேயே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடும். படுத்த பிறகு கேட்டால் வம்பு.

சிரட்டைப்பால் · ஜனவரி 29, இரவு 9.00

நேற்றுப் போனேன். மட்டிப்பழம் தங்கை சொன்னபடி வேறொரு டாக்டரிடம். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். ரெண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னார், கூடவே "வேலையையும் வலியையும் பார்த்தால் எனக்கு இந்த வருடமே செய்யலாம் என்று படுகிறது" என்றார்.

நோட்டைப் பிரித்தேன். முதல் கேள்வி, மாதத்தில் எத்தனை செய்கிறீர்கள், நீங்களே செய்வீர்களா, படிக்கிற பிள்ளைகள் கையிலா? வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள். கேட்காமல் எப்படி? ரப்பரில் பட்டைக்கும் தடிக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். அதைவிட மேலே போனால் பால் இல்லை, உள்ளே போய்த் தடியில் பட்டால் அங்கே முண்டு விழுந்து, திரும்ப வரும் பட்டை மேடும் பள்ளமுமாக வரும். புது ஆள் வெட்டின தோட்டத்தை ரோட்டில் போகும்போதே எனக்குத் தெரியும். அதை அவரிடமும் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. வாரத்துக்கு மூன்று நாலு செய்கிறேன், உங்களுக்கும் நான்தான் என்றார். அப்புறம் "மரத்துக்கு மயக்க ஊசி உண்டா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்தான்.

பூக்காரர் சொன்ன நூல் இழுப்பையும் கேட்டேன். வரலாம் என்று ஒத்துக்கொண்டார், வராது என்று சொல்லவில்லை. அதனாலேயே மற்றதையும் நம்பலாம் என்று தோன்றியது.

மயக்க டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மூத்த மகள் வயது. அப்பா கதையைச் சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது, அவள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்புறம் வரிசையாகக் கேட்டாள். அப்பாவுக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்ததா, ஆபரேஷன் நடக்கும்போதா முடிந்த பிறகா, அவருடைய கூடப்பிறந்தவர்கள் யாராவது மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்களா? சித்தப்பா ரெண்டு தடவை செய்து நன்றாக இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் அதை ஒரு தடவையாவது யோசித்தேனா! எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, முதுகு ஊசிதான், விழித்தே இருங்கள், ஆனாலும் முழு மயக்கம் தேவைப்பட்டால் என்ன மருந்தைத் தவிர்ப்பது என்று இப்போதே குறித்து வைக்கிறேன் என்றாள்.

பிப்ரவரி 5க்குத் தேதி வாங்கிவிட்டேன். சிவராத்திரிக்கு முன்னால். ஓட்டத்தைப் பற்றி ஆபரேஷன் டாக்டரிடம் கேட்டதற்கு, விடிய விடிய அத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டு என்னிடம் வராதீர்கள் என்றார். இலை உதிர்ந்து முடிய இன்னும் பத்துப் பதினைந்து நாள் வெட்டு பாக்கி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கத்தியைக் கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் எப்படியும் மரத்துக்கு ஓய்வுதான்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை, தேதி வாங்கின பிறகு கூடியிருக்கிறது. ராத்திரி வெப்ராளம் தாங்கவில்லை.

மட்டிப்பழம் · ஜனவரி 29, இரவு 9.40

தேதி வாங்கினால் அப்படித்தான் இருக்கும் அண்ணா. தள்ளிப் போடவும் ஒரு போன் போதும் என்று நினைத்துக்கொண்டு படுங்கள், தூக்கம் வரும்.

ஆசான் பேரன் · ஜனவரி 30, காலை 8.00

எண்ணெய் வேண்டாம், புரிந்தது. முடிந்து வந்த பிறகு முதுகுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

சிரட்டைப்பால் · பிப்ரவரி 4, இரவு 10.30

நாளைக் காலை. பத்து மணிக்கு மேல் சாப்பிடக்கூடாது என்றார்கள், ஒன்பதரைக்கே கஞ்சியும் பயறும் குடித்துவிட்டேன். வாட்சை மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். யார் கையிலும் கொடுக்கவில்லை.

சிரட்டைப்பால் · பிப்ரவரி 5, மத்தியானம் 2.05

நான் அவருடைய வீட்டுக்காரி எழுதுகிறேன். முடிந்தது, நல்லா இருக்கிறார். கால் இன்னும் அசையவில்லையாம், அதைப் பத்து தடவை நர்ஸிடம் கேட்டுவிட்டார். இப்போது மீன்கறி எப்போ தருவீர்கள் என்று கேட்கிறார்.

சிரட்டைப்பால் · பிப்ரவரி 28, மாலை 6.20

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் ஆகிவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

உள்ளே போவதற்கு முன்னால் வலது தொடையில் மார்க்கரால் அம்புக்குறி போட்டார்கள். பேர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். எரிச்சல் வந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல், 19 கேள்வி, கேட்டே ஆக வேண்டும் என்று அந்த மயக்க டாக்டர் பெண் சொன்னாள். ஊசிக்கு "இறால் மாதிரி வளைந்து இருங்க" என்றாள். வளைந்தேன். ஒரு அழுத்தம், அவ்வளவுதான். பாதம் சூடாச்சு, அப்புறம் கால் என்னுடையது இல்லை என்கிற மாதிரி ஆச்சு. வயிற்றுக்கு மேலே பச்சைத் துணியை இழுத்து மறைத்தபோதுதான் வந்தது பாருங்கள் பயம், எழுந்து ஓடிவிடலாம் போல, ஓட எனக்குக் கால் இல்லை. அக்கா சொன்ன கிளிப் விரலில் இருந்தது. அந்தச் சத்தத்தையே எண்ணிக்கொண்டு கிடந்தேன். நானூறுக்கு மேல் கணக்கு தப்பிவிட்டது. துணிக்கு அந்தப் பக்கம் நேந்திரங்குலை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் என்றால் கோபம் வந்திருக்கும். நானும் வெட்டும்போது அடுத்த தோட்டத்துக்காரனிடம் பேசுகிறவன்தானே, கை அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

மோசமானது எது என்றால் ஊசியும் இல்லை, தையலும் இல்லை. ராத்திரி சிறுநீர் வரவில்லை, வயிறு வெடிக்கிற மாதிரி ஆகி, குழாய் போட்டுக் காலையில் எடுத்தார்கள். இப்படி ஆகலாம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பதறியிருக்க மாட்டேன், அதனால் நான் சொல்கிறேன். மூன்றாம் நாள் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கினது, அதுவும் வடிந்துவிடும் என்றார்கள், வடிந்தது. இருமல் வந்தால் தலையணையை அமுக்கிக்கொள்ள வேண்டும். பீடியை ஜனவரி 21இல் நிறுத்தினேன், நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு இருமலுக்கும் நினைத்தேன். முக்கக் கூடாது என்பதால் தினமும் நம்மூர் வாழைப்பழமான மட்டிப்பழம் (தங்கை மன்னிக்க), நிறையத் தண்ணீர்.

சிவராத்திரிக்கு முந்தின ராத்திரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காவி வேட்டியும் விசிறியுமாக "கோவிந்தா, கோபாலா" என்று ஓடினார்கள். என் கூட்டாளிகள் நின்று சுக்குக் காப்பி குடித்துவிட்டு, "என்னவே, பென்ஷன் வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

தோவாளைப் பூக்காரன் · பிப்ரவரி 28, இரவு 8.10

நூல் இழுப்பு உண்டா அண்ணே?

சிரட்டைப்பால் · பிப்ரவரி 28, இரவு 8.45

செருப்பு மாட்டக் குனிந்தால் இருக்கிறது. இன்னும் ஒரு மாதமும் ஆகவில்லை, போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். எந்த நாளில் எவ்வளவு என்று பால் கணக்கு நோட்டில் குறிக்கிறேன்.

நேற்றுத்தான் முதல் முறையாகத் தோட்டத்துக்கு மெதுவாக நடந்துபோய்ப் பார்த்தேன். பையன் கிழக்கு வரிசையில் மூன்றாவது மரத்தில் விரல் நீளத்துக்குத் தடியில் பட்டிருக்கிறான், கறுத்துக் கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, என் தையலைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான், என்ன சொல்ல? மார்ச் கடைசியில் தளிர் முற்றும்போது எனக்கும் டாக்டர் வாளி தூக்கலாமா என்று பார்க்கும் தேதி வருகிறது. அந்த மரத்தை மட்டும் இந்த வருடம் வெட்டாமல் விடலாம் என்று இருக்கிறேன்.